கேப்ஸ் லாக்கும் பதினோரு நாளும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, டிராஃப்ட்லயே தூங்கிக்கிட்டிருந்த பதிவு இது. ஒவ்வொரு தடவையும் ரெண்டு பாரா எழுதுவேன். அப்புறம் "இதையெல்லாம் வெளிய சொல்லணுமா?"ன்னு மூடி வெச்சுடுவேன். போன வாரம் ஆபீஸ்ல புதுசா சேர்ந்த பையன் ஒருத்தன், "அண்ணே, தேடிப் பார்த்தேன், ஒண்ணும் வரலை. ஆனா எரர் எதுவும் காட்டலை. அதனால சரியாத்தான் இருக்கும்"னான். டீ கிளாஸை கீழ வெச்சுட்டு, அவனை உக்கார வெச்சு இந்தக் கதையைச் சொன்னேன். சொல்லி முடிச்சதும், சரி, உங்களுக்கும் சொல்லிடலாம்னு தோணுச்சு.

டேட்டாபேஸ் பத்தின பதிவுதான். ஆனா பொட்டி தட்டாத மக்கள் பயந்து எஸ்கேப் ஆக வேண்டாம். ஒரு பேரை கம்ப்யூட்டர்ல தேடறது எப்படிங்கறதுதான் மேட்டர். அதுல என்ன இருக்குன்னு கேக்கறீங்களா? நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

*

இப்ப ஒரு சின்ன கொசுவத்திச் சுருள்.

வருஷம் 2012. கோயமுத்தூர்ல எட்டே பேர் இருந்த ஒரு சின்னக் கம்பெனியில ஆணி புடுங்கிக்கிட்டு இருந்தேன். எங்களுக்குச் சோறு போட்டது ஒரு ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர். பக்கத்து மாவட்டத்துல ஒரு நடுத்தர ஆஸ்பத்திரி, பேர் வேண்டாம். ஓ.பி. சீட்டு போடறது, பில்லு போடறது, லேப் ரிசல்ட், டாக்டர் எழுதற குறிப்பு எல்லாமே அதுலதான். கிட்டத்தட்ட மூணு லட்சம் பேரோட விவரம் உள்ள இருந்துச்சு.

அதுக்கு அடியில மைசீக்வல் டேட்டாபேஸ். 2010ல சன் கம்பெனியை ஆரக்கிள் வாங்கினப்ப மைசீக்வலும் சேர்ந்து ஆரக்கிள் கைக்குப் போச்சு. அதுல இருந்தே எங்க முதலாளிக்கு ஒரு பயம். "நாளைக்கு காசு கேட்டா என்ன பண்றது? போஸ்ட்கிரெஸ்க்கு மாத்திடு"ன்னுட்டார். மாத்தற வேலை என் தலையில விழுந்துச்சு.

ரெண்டு மாசம் வேலை பார்த்தேன். தேதி எழுதற விதம் வேற, தானா ஏறுற எண்ணுக்கு வழி வேற, மேற்கோள் குறி போடற இடம் வேற. இதெல்லாம் தப்பா இருந்தா போஸ்ட்கிரெஸ் உடனே கத்தும். கத்துனா நாம சரி பண்ணிடலாம். கத்தாம இருக்கற தப்புதான் ஆளைக் கொல்லும்னு அப்ப தெரியாது.

ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி மாத்திட்டோம். திங்கக்கிழமை காலையில ஓ.பி. ஓடுச்சு. பில்லு வந்துச்சு. லேப் ரிசல்ட் வந்துச்சு. முதலாளி எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் குடுத்தார்.

*

கதைக்குப் போறதுக்கு முன்னாடி கொஞ்சம் தொழில் ரகசியம்.

எங்க பெரியப்பா ஈரோட்டுல ஒரு சின்ன அச்சகத்துல கம்பாசிட்டரா இருந்தவர். ஈய எழுத்தை ஒவ்வொண்ணாப் பொறுக்கிக் கோக்கற வேலை. சின்ன வயசுல லீவுக்குப் போனா அங்கதான் உக்கார வெச்சிருப்பாங்க. எழுத்துகளைப் போட்டு வெச்சிருக்கற தடுப்புத் தடுப்பான மரத்தட்டுக்கு "கேஸ்"னு பேரு. இங்கிலீஷ் அச்சுல பெரிய எழுத்தெல்லாம் மேல் தட்டுல இருக்கும், சின்ன எழுத்து கீழ்த் தட்டுல இருக்கும். அதனாலதான் அப்பர் கேஸ், லோயர் கேஸ்னு பேர் வந்துச்சு. இது தெரியாமலே பல வருஷம் புரோகிராம் எழுதியிருக்கேன். பெரியப்பா ஒருநாள் சொன்னப்ப "ஙே"ன்னு முழிச்சேன்.

மனுஷனுக்கு பெரிய 'எம்'மும் சின்ன 'எம்'மும் ஒரே எழுத்துதான். கம்ப்யூட்டருக்கு அது ரெண்டு வேற நம்பர். ஆஸ்கி அட்டவணையில பெரிய 'ஏ'வுக்கு 65, சின்ன 'ஏ'வுக்கு 97. எந்த எழுத்தை எடுத்தாலும் பெரியதுக்கும் சின்னதுக்கும் நடுவுல சரியா 32 வித்தியாசம், அதாவது ஒரே ஒரு பிட்டு. 1963ல வந்த முதல் ஆஸ்கியில சின்ன எழுத்தே கிடையாது. 1967ல வந்த திருத்தத்துலதான் அது உள்ள வந்துச்சு.

ஆக, "இந்தப் பேரும் அந்தப் பேரும் ஒண்ணா?"ன்னு டேட்டாபேஸைக் கேட்டா, அது நம்பரைப் பார்த்துச் சொல்லணுமா, மனுஷன் மாதிரி பார்த்துச் சொல்லணுமான்னு யாராவது முடிவு பண்ணியாகணும். அந்த முடிவுக்குப் பேருதான் கொலேஷன். எது எதுக்குச் சமம், எது எதுக்கு முன்னாடி வரும்னு சொல்ற விதி.

இங்கதான் வேடிக்கை. ஒவ்வொரு டேட்டாபேஸும் ஒவ்வொரு முடிவு எடுத்திருக்கு.

மைசீக்வல் சும்மா விட்டா பெரிசு சின்னது பார்க்காது. அதோட பழைய வழக்கமான கொலேஷன் பேர்ல "ஸ்வீடிஷ்"னு இருக்கும். அந்தக் கம்பெனி ஸ்வீடன்காரங்களோடது, அதான். பேரோட வால்ல "சிஐ"ன்னு ரெண்டெழுத்து ஒட்டியிருக்கும். கேஸ் பார்க்க மாட்டேன்னு அர்த்தம். 2018ல வந்த 8.0ல இருந்து வழக்கமான கொலேஷன் மாறிடுச்சு, ஆனா அந்த "சிஐ" வால் அப்படியேதான் இருக்கு. மைக்ரோசாஃப்டோட எஸ்கியூஎல் சர்வரும் அமெரிக்க இங்கிலீஷ் அமைப்புல போட்டா இதே குணம்தான்.

ஆரக்கிளும் போஸ்ட்கிரெஸும் நேர்மாறு. பெரிசு பெரிசுதான், சின்னது சின்னதுதான். நீ கேட்டது இல்லையா, இல்லைன்னுதான் சொல்லும்.

எஸ்கியூலைட்னு ஒரு குட்டி டேட்டாபேஸ் இருக்கு, உங்க செல்போன்ல கூட உக்காந்திருக்கும். அது இன்னும் விசேஷம். சமக்குறி போட்டுத் தேடினா கேஸ் பார்க்கும். லைக் போட்டுத் தேடினா பார்க்காது. அதுவும் ஆஸ்கி எழுத்துக்கு மட்டும்தான். கண்ணைக் கட்டுதா? எனக்கும்தான்.

இதுல யாரும் தப்புன்னு சொல்ல முடியாது. பாஸ்வேர்டு ஒப்பிடும்போது கேஸ் பார்த்தே ஆகணும். ஆளோட பேரைத் தேடும்போது பார்க்கவே கூடாது. எது வழக்கம்ங்கறதுல மட்டும்தான் சண்டை. ஒரு வீட்டுல இருந்து இன்னொரு வீட்டுக்குக் குடி போறவன், அந்த வீட்டு வழக்கம் என்னன்னு விசாரிச்சுட்டுப் போகணும். நான் விசாரிக்கலை.

*

பதினோராவது நாள், வியாழக்கிழமை, மத்தியானம் ஒரு மணி இருக்கும். ஆஸ்பத்திரி கவுண்ட்டர்ல இருந்து போன்.

"தம்பி, பழைய பேஷண்ட்டு பேரைப் போட்டா பாதிப் பேரு வரமாட்டேங்குதுங்க. சிஸ்டர் வேற வந்து சத்தம் போடறாங்க. என்னன்னு பாருங்க."

"எப்ப இருந்துங்கக்கா?"

"ஒரு வாரத்துக்கு மேல இருக்கும் தம்பி. நான் என்னமோ வராதவங்களாத்தான் இருக்கும்னு புதுசா பதிஞ்சு விட்டுட்டேன்."

எனக்கு வயித்துக்குள்ள என்னமோ உருண்டுச்சு. "அக்கா, பேரை எப்படி டைப் பண்றீங்க? கேப்ஸ் லாக் போட்டா, போடாமயா?"

"சின்ன எழுத்துலதாந் தம்பி, எப்பவும் போல."

எப்பவும் போல. அதுதான் விஷயமே. அந்த அக்காவுக்கு முன்னாடி கவுண்ட்டர்ல இருந்தவர் கேப்ஸ் லாக்கை அமுக்கி வெச்சுட்டுத்தான் வேலையே ஆரம்பிப்பாராம். அவர் பதிஞ்ச பேரெல்லாம் பெரிய எழுத்து. இந்த அக்கா பதிஞ்சதெல்லாம் சின்ன எழுத்து. நடுவுல லீவுக்கு ஆள் வந்தவங்க பதிஞ்சது முதலெழுத்து மட்டும் பெரிசு. மைசீக்வல் இருந்த வரைக்கும் இது யாருக்கும் உறைக்கலை. அது மூணையும் ஒண்ணாத்தான் பார்த்துச்சு.

அட்டை கொண்டு வர்றவங்களுக்குப் பிரச்சினையே இல்லை, நம்பரைப் போட்டா வந்துடும். அட்டையை மறந்துட்டு வர்றவங்களுக்குத்தான் பேரைப் போட்டுத் தேடணும். அதுலயும் அக்காவே பதிஞ்சவங்க வந்துடுவாங்க. மத்தவங்க வரமாட்டாங்க. வரலைன்னா ஸ்கிரீன்ல அழகா "புதிய பதிவு"ன்னு ஒரு பச்சை பட்டன் இருக்கும். அந்த பட்டனை வெச்சதும் நான்தான். பாதி வேலை செஞ்சுக்கிட்டே இருந்ததாலதான் பதினோரு நாளா யாருக்கும் தெரியலை. மொத்தமா படுத்திருந்தா முதல் நாளே புடிச்சிருப்போம்.

சிஸ்டர் எதுக்குச் சத்தம் போட்டாங்கன்னு கேட்டேன். அக்கா சொன்னதைக் கேட்டு கொஞ்ச நேரம் பேச்சே வரலை.

அன்னிக்குக் காலையில ஒரு பெரியவர், கால்ல புண்ணு சீழ் வெச்சு வந்திருக்கார். அட்டை இல்லை. பேரைத் தேடியிருக்காங்க, வரலை. புதுசா பதிஞ்சாச்சு. டாக்டர் பார்த்துட்டு பென்சிலின் வகை ஊசி எழுதியிருக்கார். ஊசி போடற ரூம்ல ஒரு சீனியர் சிஸ்டர். மருந்தை எடுக்கறதுக்கு முன்னாடி, "ஐயா, எந்த மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்காமப் போயிருக்குங்களா?"ன்னு கேட்டிருக்காங்க. பெரியவர் "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க"ன்னுட்டார். பக்கத்துல நின்ன அவரோட சம்சாரம்தான், "ஏனுங்க, ரெண்டு வருசத்துக்கு முந்தி ஊசி போட்டு உடம்பெல்லாம் தடிச்சுப் போயி மூச்சு இழுத்துச்சே, மறந்துட்டீங்களா? இதே ஆஸ்பத்திரியிலதானுங்க சிஸ்டர்"னு சொல்லியிருக்காங்க.

சிஸ்டர் கம்ப்யூட்டர்ல பார்த்தா பெரியவரோட ஃபைல் வெறுமையா இருக்கு. நேரா கவுண்ட்டருக்கு வந்து நின்னிருக்காங்க. பழைய பேப்பர் ரிஜிஸ்டரைப் புரட்டி நம்பரைக் கண்டுபிடிச்சு, அந்த நம்பரைப் போட்டுப் பார்த்தா பழைய ஃபைல் வந்திருக்கு. மேலயே சிகப்பு எழுத்துல "பென்சிலின் ஒத்துக்காது"ன்னு இருந்திருக்கு.

அந்த சிகப்பு எழுத்து வர்ற மாதிரி ஸ்கிரீனை டிசைன் பண்ணதும் நான்தான்.

*

போனை வெச்சதும் முதல்ல பண்ண வேலை, தேடற இடத்துல "லைக்"குங்கறதை "ஐலைக்"னு மாத்தினது. போஸ்ட்கிரெஸ்ல இருக்கற சமாச்சாரம் இது. கேஸ் பார்க்காம தேடும். இங்கிலீஷ்ல ஒரே ஒரு எழுத்துதான் கூட. அந்த ஒரு எழுத்து இல்லாததாலதான் பதினோரு நாள் கூத்து.

பேர் எல்லாம் வர ஆரம்பிச்சுச்சு. ஆனா மெதுவா வந்துச்சு. ஒரு தடவை தேட மூணு நாலு செகண்ட். கவுண்ட்டர்ல நாலு பேர் ஒரே நேரத்துல தேடினா இன்னும் மோசம். வரிசை வாசல் வரைக்கும் போயிடுச்சு.

ஏன் மெதுவாச்சுன்னா, இன்டெக்ஸ். புஸ்தகத்துக்குக் கடைசியில அகர வரிசையில பொருளடைவு இருக்குமே, அது மாதிரி. பேரை வெச்சு ஒரு இன்டெக்ஸ் போட்டா டேட்டாபேஸ் நேரா அந்தப் பக்கத்துக்குப் போயிடும். ஆனா அந்த இன்டெக்ஸ், எழுத்து இருக்கறபடியே அடுக்கினது. "கேஸ் பார்க்காம தேடு"ன்னா அந்த அடுக்கு உதவாது. மூணு லட்சம் பேரையும் ஒவ்வொண்ணாப் புரட்டும்.

இதுக்கு எல்லாரும் சொல்ற வைத்தியம் ஒண்ணு உண்டு. பேரைச் சின்ன எழுத்தா மாத்தி, தேடற வார்த்தையையும் சின்ன எழுத்தா மாத்தி, ரெண்டையும் ஒப்பிடறது. லோயர்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு. அப்படியே போட்டா இதுவும் மெதுதான். ஆனா சின்ன எழுத்தா மாத்தின பேருக்கே ஒரு இன்டெக்ஸ் போடலாம். ஆரக்கிள்ல இந்த வசதி 1999ல வந்த 8ஐல இருந்தே இருக்கு, போஸ்ட்கிரெஸ்லயும் உண்டு.

போட்டேன். வேகம் ஒரு துளி கூட கூடலை. அரை மணி நேரம் தலையைப் பிச்சுக்கிட்டேன். அப்புறம்தான் பார்த்தேன். இன்டெக்ஸை லோயர் வெச்சுப் போட்டிருக்கேன், புரோகிராம்ல அப்பர் வெச்சுத் தேடறேன். டேட்டாபேஸுக்கு ரெண்டும் வேற வேற. இன்டெக்ஸ்ல எப்படி எழுதினோமோ அதே மாதிரிதான் கேள்வியும் இருக்கணும். (சிரிக்காதீங்க மக்கா. பதட்டத்துல இருக்கறவன் இப்படித்தான் பண்ணுவான்.)

அதைச் சரி பண்ணதும் அடுத்த ஆப்பு. நம்ம ஊர்ல பேருக்கு முன்னாடி இனிஷியல் போடறவங்க பாதி, பின்னாடி போடறவங்க பாதி. அதனால கவுண்ட்டர்ல பேரோட நடுப்பகுதியை வெச்சுத்தான் தேடுவாங்க. முன்னாடியும் பின்னாடியும் சதவீதக் குறி போட்டு. முன்னாடி என்ன இருக்கும்னு தெரியாம அகர வரிசையில எப்படித் தேடறது? "கடைசி எழுத்து 'ன்'னு முடியற வார்த்தை எல்லாம் எடு"ன்னு அகராதியைக் குடுத்தா, முதல் பக்கத்துல இருந்து புரட்ட வேண்டியதுதான். லோயரோ அப்பரோ, இங்க சாதா இன்டெக்ஸ் வேலைக்கு ஆகாது.

காப்பாத்தினது டிரைகிராம்னு ஒண்ணு. போஸ்ட்கிரெஸோட சேர்ந்தே வர்ற துணைப்பொருள். பேரை மூணு மூணு எழுத்தா நறுக்கி ஒவ்வொரு துண்டுக்கும் குறிப்பு வெச்சுக்கும். முருகேசன்னா எம்-யூ-ஆர், யூ-ஆர்-யூ, ஆர்-யூ-ஜி இப்படியே போகும். தேடற வார்த்தையையும் நறுக்கி, எந்தெந்தப் பேர்ல இந்தத் துண்டெல்லாம் இருக்குன்னு பார்க்கும். நறுக்கும்போதே சின்ன எழுத்தா மாத்திக்கறதால கேஸ் பிரச்சினையும் போச்சு. எங்க நல்ல நேரம், லைக், ஐலைக் ரெண்டுக்கும் இந்த இன்டெக்ஸ் உதவற மாதிரி 2011ல வந்த 9.1லதான் பண்ணியிருந்தாங்க. நாங்க போட்டிருந்ததும் 9.1தான். ஓசியில எதுவும் வராது, இன்டெக்ஸ் பெரிசா இடம் எடுக்கும், ரெண்டே எழுத்து அடிச்சுத் தேடினா பிரயோஜனம் இல்லை. ஆனா கவுண்ட்டர்ல வரிசை குறைஞ்சுடுச்சு.

இத்தோட முடிஞ்சுதான்னா, இல்லை. ஊர் பேரை வெச்சு வடிகட்டினா சிலது விட்டுப் போச்சு. பழைய மைசீக்வல்ல சமக்குறி போட்டு ஒப்பிடும்போது கடைசியில இருக்கற இடைவெளியையும் கண்டுக்காது. "பல்லடம்"னு அடிச்சு ஸ்பேஸ் பாரைத் தட்டியிருந்தாலும் அது பல்லடம்தான். போஸ்ட்கிரெஸ்ல அது வேற ஊரு. அதையும் வெட்டி எறிஞ்சோம். அப்புறம் லாகின் பேர். ஒரே பேர் ரெண்டு தடவை வரக்கூடாதுன்னு விதி போட்டிருந்தோம். பழைய இடத்துல பெரிசும் சின்னதும் ஒண்ணுங்கறதால அந்த விதி வேலை செஞ்சுச்சு. புது இடத்துல ஒரே டாக்டர் பேர்ல ரெண்டு லாகின் முளைச்சிருந்துச்சு. அந்த விதியையும் சின்ன எழுத்துக்கு மாத்திப் போட்டோம்.

*

டெக்னிக்கலா ரெண்டு நாள்ல முடிஞ்சுடுச்சு. ஆனா பதினோரு நாள்ல ரெட்டையா பதிஞ்சவங்க நானூத்தி சொச்சம் பேர். ஒருத்தருக்கே ரெண்டு ஃபைல். பழசுல பாதி வரலாறு, புதுசுல மீதி.

இதைப் புரோகிராம் போட்டு ஒட்டிடலாம்னு நான் சொன்னேன். அந்த சீனியர் சிஸ்டர் ஒத்துக்கலை. "ஒரே பேரு, ஒரே ஊரு, ஒரே வயசுல ரெண்டு பேரு இருப்பாங்க தம்பி. தப்பா ஒட்டிட்டீங்கன்னா அவரு மருந்து இவருக்குப் போயிடும்"னாங்க. நியாயம்தான். பிரிஞ்சு கிடக்கறது ஆபத்துன்னா, தப்பா சேர்றது அதை விட ஆபத்து. அதனால பிரின்ட் எடுத்து, பேனாவை வெச்சுக்கிட்டு, ஒவ்வொண்ணாப் பார்த்தோம். அப்பா பேரு, போன் நம்பர், பழைய வியாதி எல்லாம் ஒப்பிட்டு. சந்தேகம் இருந்தா போன் போட்டுக் கேட்டோம். நாலு நாள் சாயங்காலம் ஓ.பி. முடிஞ்சப்புறம் நானும் சிஸ்டரும் கவுண்ட்டர் அக்காவும்.

இப்ப நான் இத்தனை நாள் எழுதாம வெச்சிருந்த பாகம்.

மாத்தறதுக்கு ஒரு வாரம் முன்னாடி, டெஸ்ட் பண்ணும்போது, ஆஸ்பத்திரியோட காப்பி டேட்டாவுல ஒரு பேரைத் தேடினேன். சின்ன எழுத்துல அடிச்சேன். "0 பதிவுகள்"னு வந்துச்சு. அட, இருக்கணுமேன்னு கேப்ஸ் லாக்கைத் தட்டிட்டு மறுபடி அடிச்சேன். வந்துச்சு. "ஓ, இருக்கு"ன்னு டிக் போட்டுட்டு அடுத்த ஐட்டத்துக்குப் போயிட்டேன்.

அவ்வளவுதான். அஞ்சு செகண்ட். பார்த்தேன், தெரிஞ்சுச்சு, கடந்து போயிட்டேன். எனக்குத் தெரியாம நடந்த தப்பு இல்லை இது.

ஆஸ்பத்திரி மேனேஜர் கூப்பிட்டு விசாரிச்சப்ப, "டெஸ்ட் பண்ணலையா?"ன்னு கேட்டார். எங்க முதலாளி, "பண்ணோம் சார், அப்ப ஒண்ணும் தெரியலை"ன்னார். அவருக்கு அதுதான் தெரியும். நான் தரையைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். திரும்பி வரும்போது வண்டியில சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன், வரலை.

நாலாவது நாள் சாயங்காலம், கடைசிக் கட்டு பேப்பர். அக்கா பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டாங்க. சிஸ்டர்கிட்ட சொல்லிட்டேன். கேப்ஸ் லாக்கைத் தட்டினது வரைக்கும். திட்டுவாங்கன்னு நெனச்சேன். அவங்க கையில இருந்த பேப்பரை முடிச்சு, ஓரத்தை மடிச்சு வெச்சுட்டு, "எல்லார்கிட்டயும் ஊசி போடறதுக்கு முன்னாடி அந்தக் கேள்வியை எதுக்குக் கேக்கறேன்னு நெனச்சீங்க? ஃபைல்ல எழுதியிருந்தாலும் கேப்பேன்"னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு சீட்டை நான் சரியாப் படிக்கலை தம்பி. அந்தப் பிள்ளை பொழச்சுக்கிச்சு. அன்னில இருந்து கேக்கறேன்"னு சொல்லிட்டு அடுத்த பேப்பரை எடுத்தாங்க.

மறுநாள் முதலாளிகிட்டயும் சொன்னேன். அவர் ரெண்டு நாள் என்கூட பேசலை. மூணாவது நாள், "அந்த டெஸ்ட் லிஸ்ட்ல இதையும் சேத்து எழுது"ன்னார்.

*

அதுக்கப்புறம் இந்த விஷயத்தைக் கொஞ்சம் தோண்டிப் படிச்சேன். சின்ன எழுத்தா மாத்தி ஒப்பிட்டா எல்லாம் சரியாயிடும்ங்கறதே இங்கிலீஷை மட்டும் பார்த்தவனோட நெனப்புன்னு புரிஞ்சுச்சு.

துருக்கி மொழியில புள்ளி வெச்ச 'ஐ' ஒண்ணு, புள்ளி வைக்காத 'ஐ' ஒண்ணு, ரெண்டும் வேற வேற எழுத்து. ரெண்டுக்கும் தனித்தனியா பெரிய எழுத்து உண்டு. நமக்குத் தெரிஞ்ச சின்ன 'ஐ'யோட பெரிய எழுத்துக்கும் அங்க மேல புள்ளி இருக்கும். ஜெர்மன்ல எஸ்ஸெட்னு ஒரு எழுத்து, பெரிய எழுத்தாக்கினா ரெண்டு 'எஸ்'ஸா பிரியறது வழக்கம். அதுக்குன்னு ஒத்தைப் பெரிய எழுத்தை 2017லதான் அதிகாரபூர்வமா ஏத்துக்கிட்டாங்க. கிரேக்கத்துல சிக்மாவுக்கு சின்ன எழுத்து ரெண்டு. வார்த்தை நடுவுல ஒண்ணு, கடைசியில ஒண்ணு.

இதுக்காகவே "கேஸ் ஃபோல்டிங்"னு ஒரு முறையை யூனிகோட் வெச்சிருக்கு. காட்டறதுக்காக இல்லை, ஒப்பிடறதுக்காக மட்டும் எழுத்தை மடிக்கறது. போஸ்ட்கிரெஸ்ல இதுக்குன்னே ஒரு ஃபங்ஷன் 2025ல வந்த 18லதான் சேர்ந்துச்சு. 2019ல வந்த 12லயே கேஸ் பார்க்காத கொலேஷன் நாமே உண்டாக்கிக்க வழி வந்துடுச்சு. ஆனா அதோட லைக் போட்டுத் தேட முடியாம இருந்துச்சு. அதுவும் 18லதான் சரியாச்சு.

"நம்ம தமிழ்ல பெரிசு சின்னதே இல்லையே, தொல்லை விட்டுச்சு"ன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. அங்கதான் வேற மாதிரி ஆப்பு. "கொ"ங்கற எழுத்தை யூனிகோட்ல ரெண்டு விதமா எழுதலாம். க-வோட "ஒ"கரக் குறியை ஒரே குறியாப் போடலாம், இல்லைன்னா ஒற்றைக் கொம்பு தனியா, கால் தனியாப் போடலாம். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். யூனிகோடும் ரெண்டும் சமம்னுதான் சொல்லுது. ஆனா சொல்லித் தராத டேட்டாபேஸுக்கு அது வேற வேற நம்பர், தேடினா வராது. ரெண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டு வந்துட்டுத்தான் சேமிக்கணும். போஸ்ட்கிரெஸ்ல அதுக்கு 2020ல வந்த 13ல இருந்து ஃபங்ஷன் இருக்கு.

இன்னொண்ணு அதை விட மோசம். மௌனம், மெளனம். ஒரே வார்த்தை மாதிரி தெரியுதா? முதல்ல இருக்கறது சரியான "ஔ"காரக் குறி. ரெண்டாவதுல இருக்கறது கொம்பு போட்ட மெ-வும் ள-வும். பக்கத்துல பக்கத்துல வெச்சாக்கூட பல பேருக்கு வித்தியாசம் தெரியாது. இது ரெண்டும் சமம்னு யூனிகோடே சொல்லாது. இதுக்கு நாமதான் தனியா ஏதாவது பண்ணணும்.

அப்புறம் நம்ம பேரை இங்கிலீஷ்ல எழுதற கூத்து. செந்திலுக்கு நடுவுல 'டி'யா 'டீ'யா, பக்கத்துல 'ஹெச்' உண்டா இல்லையா? எந்த கொலேஷனும் இதுல உதவாது. சவுண்டெக்ஸ்னு ஒலியை வெச்சுத் தேடற முறை ஒண்ணு இருக்கு, 1918லயே அமெரிக்காவுல காப்புரிமை வாங்கினது. அது இங்கிலீஷ் பேருக்குத் தைச்ச சட்டை. முதல் எழுத்தை அப்படியே வெச்சுக்கும். ஜாகிரை ஒருத்தர் 'ஜே'ல ஆரம்பிச்சு, இன்னொருத்தர் 'இசட்'ல ஆரம்பிச்சா முடிஞ்சுது கதை.

*

சரி, ரொம்ப நீட்டி முழக்கிட்டேன். புதுசா இந்தத் தொழிலுக்கு வர்ற பசங்களுக்கு நான் சொல்றது நாலுதான்.

1. டேட்டாபேஸ் மாத்தறீங்கன்னா, முதல் நாளே கொலேஷன் என்னன்னு பாருங்க. பெரிசு, சின்னது, கடைசி இடைவெளி, மூணையும் சேர்த்து டெஸ்ட் பண்ணுங்க.

2. தேடற வேலைக்கும் "ஒண்ணுதான் இருக்கணும்"ங்கற விதிக்கும் ஒரே அளவுகோல் வைங்க. ஒண்ணு கேஸ் பார்த்து, இன்னொண்ணு பார்க்காம இருந்தா ரெட்டை முளைக்கும்.

3. "இல்லை"ன்னு வர்ற ஸ்கிரீன்ல "புதிய பதிவு" பட்டனை அவ்வளவு பெரிசா வைக்காதீங்க. கிட்டத்தட்ட ஒத்துப் போற பேர் நாலைக் காட்டிட்டு அப்புறம் வைங்க. எங்களோடதுல பச்சையை எடுத்துட்டு அதைத்தான் பண்ணோம்.

4. "0 பதிவுகள்"ங்கறது ஒரு பதில். அது சரியான பதிலான்னு கேக்க வேண்டியது நீங்கதான். கம்ப்யூட்டர் கேக்காது.

அந்தப் பெரியவரை அதுக்கப்புறம் ஒரே ஒரு தடவை பார்த்தேன். ரெண்டு ஃபைலை ஒட்டி முடிச்ச வாரம், கால்ல கட்டு மாத்த வந்திருந்தார். கையில அட்டை, பிளாஸ்டிக் கவர் போட்டு, கயித்துல கோத்து கழுத்துல மாட்டியிருந்தார். அவரோட சம்சாரம் மாட்டி விட்டதாம். கவுண்ட்டர் அக்கா அட்டையை வாங்கிக்கிட்டு, என்னைப் பார்த்துட்டு, நம்பரைப் போடலை. பேரை அடிச்சாங்க, சின்ன எழுத்துல.

வந்துச்சு. மேல சிகப்பு எழுத்தோட.